இருள்முறி மரமான நாள்

எங்கள் வீட்டில் யாரையும் எளிதில் நம்புகிற வழக்கம் கிடையாது. அப்பா பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். கடலூரிலிருந்து கிளம்பும் வண்டிகளில் நடுவழியில் ஏறி, உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பது அவர் தொழில். அந்தத் தொழில் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். காஸ் சிலிண்டர் வந்தால் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு சீலைப் பார்ப்பார். எனக்கு வயிற்றுவலி என்றால், அன்றைக்குப் பள்ளியில் என்ன பரீட்சை என்று முதலில் விசாரிப்பார். இந்தக் குணத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. இன்றைக்கும் யாராவது சிரித்துக்கொண்டே 'உங்க நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பித்தால், என் கை தானாகவே கைப்பையின் ஜிப்பைத் தொட்டுப் பார்க்கும்.

அப்பாவின் சந்தேகங்களிலேயே பெரியது என் மாமாவின் மேல். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று எது வந்தாலும், வீட்டுக்காரர்களின் தலையை வெட்டி ராஜாக்களின் உடம்பில் ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. அது சம்பளத்துக்கு. ஆசைக்கு வேறு ஒன்று வைத்திருந்தார். வாள், மந்திரவாதி, மண்டையோடு, ஏழு தலைப் பாம்பு, அதன் கழுத்தில் கால் வைத்து நிற்கும் ராணி. இவை எங்கே இருந்தாலும் மாமா அங்கே இருப்பார். பழைய புத்தகக் கடையில் பக்கமெல்லாம் கிழிந்த புத்தகத்தை அட்டைப்படத்துக்காக மட்டும் வாங்கிவருவார். தமிழ் பேசும் வெளிநாட்டுக் கத்திச்சண்டைப் படங்களை டிவியில் போட்டால், சோற்றுத் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். கதை எக்கேடு கெட்டால் அவருக்கென்ன? வாள் உறையிலிருந்து வரும்போது என்ன சத்தம் வருகிறது என்பதுதான் முக்கியம்.

"தோல் உறையிலேர்ந்து உருவினா சிர்ருனு சத்தம் வராது பாப்பா. ஏமாத்துறானுவோ" என்று நிஜமாகவே கோபப்படுவார்.

ஒருமுறை தெர்மாகோலில் ஒரு மண்டையோடு செய்து, பச்சைப் பெயின்ட் அடித்து, மொட்டை மாடியில் காயவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வடகம் காயப்போட மேலே ஏறிய வீட்டுக்காரம்மா இறங்கிவந்து, ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பில்லி சூனியம் வைக்கிறவருக்கெல்லாம் வீடு கொடுத்த பாவம் தமக்கு வேண்டாம் என்றாராம். அப்பா அந்த வீட்டுக்காரம்மாவின் கட்சி. முப்பது வயது தாண்டி, கல்யாணம் ஆகாமல், ராத்திரியும் பகலும் கத்தி வரைந்துகொண்டிருக்கிற ஆள், ஒன்று கிறுக்கனாக இருக்க வேண்டும் அல்லது கூடிய சீக்கிரம் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பது அவர் கணிப்பு. அம்மா இதைக் கேட்டுக்கொண்டு பாத்திரங்களைச் சத்தமாக அடுக்குவாள்.

எனக்கோ மாமா வருகிறார் என்றாலே திருவிழா. ஆனால் அவரையும் நான் சும்மா விட்டுவிடவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவர் எனக்கு இருள்முறியின் கதையைச் சொன்னார். அது ஒரு இளவரசியின் வாள். மந்திரவாதியின் ஆட்கள் ஏழு பேரை வெட்டிய வாள். எட்டாவதாக மந்திரவாதியைத் தேடிப் போகும்போது இளவரசி அதை வீராணம் ஏரியில் தவறவிட்டுவிட்டாள். ஒரு கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது, காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சேற்றில் கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மாமா பிடித்து இழுத்தார். வந்துவிட்டது.

நான் அப்பாவின் மகள் அல்லவா, விசாரணையைத் தொடங்கினேன்.

"தண்ணிக்குள்ளயே கெடந்திச்சின்னா துருப்பிடிச்சிருக்கணுமே?"

"சேத்துக்குள்ள காத்து போவாது பாப்பா. காத்து போவலன்னா துரு புடிக்காது."

"அப்ப ஏன் போலீஸ்ல குடுக்கல?"

"இளவரசி வந்து கேட்டா அவுங்க ஸ்டேஷனுக்கா போவாங்க? என்கிட்டதான வருவாங்க."

எந்தப் பக்கம் மடக்கினாலும் கையில் டிக்கெட் வைத்திருந்தார். கடைசியில் என் வாயை ஒரேயடியாக மூட ஒரு விதி சொன்னார். இருள்முறியை வைத்திருப்பவன் அதைப் பொய் என்று தன் வாயாலேயே சொன்னால், அந்த நிமிஷமே அது வெறும் மரமாகிவிடும். "நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. அதான் இரும்பாவே இருக்குது." இதற்கு மேல் எப்படிச் சந்தேகப்படுவது? உலகத்தில் நான் முழுசாக நம்பிய முதல் ஆள் என் மாமாதான். அந்த நம்பிக்கை அவ்வளவு இனிப்பாக இருந்தது.

என் பிறந்த நாளுக்கு இருள்முறியையே கொண்டுவந்தார். சிவப்புத் துணியைப் பிரித்தபோது மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். என் உயரத்துக்கு இருந்தது. கைப்பிடியில் இரண்டு பாம்புகள் பின்னிக்கிடந்தன, அவற்றின் கண்களில் சிவப்புக் கல். அலகு டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது. தனியாகத் தொட்டால் கை மரத்துப் போகும் என்று சொல்லி மாமா என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து கேக்கை வெட்டினோம். க்ரீம் ரோஜா ஒன்று பறந்துபோய் அப்பாவின் சட்டையில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ ஒருவர் செல்லில் படம் எடுத்தார்.

அந்த 'யாரோ' யார் என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் முடியாத வழக்கு. கேக் கிடைக்காதவர்தான் என்று அப்பா சொல்வார். இரண்டு துண்டு வாங்கியவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். எப்படியோ, படம் ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டது. அப்போது பட்டாக்கத்தியால் கேக் வெட்டுகிறவர்களையெல்லாம் போலீஸ் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கத்தியையும் கத்திக்காரனையும் சாயங்காலத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

அம்மா அழ ஆரம்பித்தாள். காரணம் இருந்தது. சிங்கப்பூரில் விளம்பரப் பலகை செய்கிற ஒரு கம்பெனியில் மாமாவுக்கு வேலை அமைந்திருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வர வேண்டிய நேரம். இப்போது கேஸ் ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட் வராது, பாஸ்போர்ட் வராவிட்டால் சிங்கப்பூர் கிடையாது. எத்தனையோ வருஷம் தேடிக் கிடைத்த வேலை அது. மாமா சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, சிவப்புத் துணி மூட்டையோடு வந்து நின்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உண்மைய சொல்லு மச்சான். அது என்னாது?"

மாமா என்னைப் பார்த்தார். "போய்ப் பேசிக்கலாம் மாமா" என்றார்.

இந்தப் பதில் அப்பாவுக்குப் போதவில்லை. டிக்கெட் எங்கே என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்புகிற ஆட்களை அவர் தினமும் பார்க்கிறவர். பெரியவர்கள் மழுப்புவார்கள், சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்று முடிவுகட்டி, அம்மா தடுக்கத் தடுக்க என்னையும் கூட்டிக்கொண்டார். நானும் பிறந்த நாள் கவுனைத் திரும்பப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. துணியைப் பிரித்ததும் அவர் புருவம் உயர்ந்தது. ரைட்டர் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார். எஸ்.ஐ. வாளைத் தூக்கி எடை பார்த்தார், நகத்தால் தட்டினார். டங்கென்று சத்தம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"கூர் இல்லீங்களேய்யா" என்றார் ரைட்டர்.

"தீட்டுனா வந்துட்டுப் போவுது. என்னாப்பா இது, நெசக் கத்தியா, பொம்மையா?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா என்னை முன்னால் தள்ளினார். "பாப்பா, சாருக்கு உண்மைய சொல்லு."

சொன்னேன். "நெசம் சார். வீராணம் ஏரியில எடுத்தது. ஏழு பேர வெட்டியிருக்குது."

ரைட்டரின் பேனா நின்றுவிட்டது. எஸ்.ஐ. என்னைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, கடைசியில் மாமாவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து ஒரு போலீஸ்காரர் அவ்வளவு நேரம் கண் இமைக்காமல் இருந்ததில்லை.

"ஏரியில எடுத்ததா? எந்தக் கேஸ்ல போட்டதுய்யா அது? பாப்பா சொல்றது நெசமா? ஒரே வார்த்த. இரும்பா, இல்லியா?"

நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக்கூட இல்லை. சொல்லிவிடாதே மாமா, சொல்லிவிடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. கதைகளில் வருகிற வீரன் எப்படி இருப்பான் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். வெளுத்துப்போன சட்டையும் செருப்புமாக இருந்தான்.

"சரிதான். எழுதுய்யா கேஸ" என்றார் எஸ்.ஐ.

"சார்" என்றார் மாமா. "பாப்பாவ கொஞ்சம் வெளிய அனுப்புங்க. சொல்றேன்."

அப்பாவுக்கு வந்ததே கோபம். "ஏன்? புள்ள முன்னாடி சொல்ல முடியாத அளவுக்கு என்னா செஞ்சி வெச்சிருக்க? எதுவா இருந்தாலும் இங்கியே சொல்லு."

"மாமா, உங்க கால்ல வேணா உழுவுறேன். அவள வெளிய அனுப்புங்க."

அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அந்த நிமிஷத்தில் சந்தேகம் முற்றிவிட்டது. ரைட்டர் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். எஸ்.ஐ. ஒரு பெண் போலீஸைக் கூப்பிட்டு என்னை வெளியே கூட்டிப்போகச் சொன்னார். பிடித்துவைத்த மோட்டார் சைக்கிள்கள் தூசு படிந்து நின்ற இடத்தில் அந்த அக்கா என்னை உட்காரவைத்து பிஸ்கெட் கொடுத்தார். மாமா வீட்டில் வேறு ஏதாவது கத்தி இருக்கிறதா என்று நைசாகக் கேட்டார். நானா ஏமாறுவேன்? பிஸ்கெட்டை மட்டும் தின்றேன்.

உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுவென்று பேச்சுக் கேட்டது. பிறகு படக்கென்று ஒரு சத்தம். மாமாவை அடித்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அழுகை வந்துவிட்டது. ஆனால் அடுத்துக் கேட்டது சிரிப்பு. எஸ்.ஐ. சிரித்தார், ரைட்டர் சிரித்தார், இன்னும் யார் யாரோ சிரித்தார்கள்.

மாமா வெளியே வந்தபோது சிவப்புத் துணி மூட்டை பாதி நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. அப்பா பின்னால் வந்தார். கேஸ் இல்லை, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மாமாவைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் துணியை நானே விலக்கிப் பார்த்தேன், யாரும் தடுக்கவில்லை. இருள்முறி இரண்டாகக் கிடந்தது. முறிந்த இடத்தில் மெல்லிய தகடு பிரிந்து சுருண்டிருந்தது. உள்ளே மரம். ஐஸ் குச்சியை ஒடித்தால் தெரியுமே, அதே மாதிரி சிலாம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டேன், கை மரத்துப் போகவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?" என்றேன்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லிட்டேன் பாப்பா."

"அத்தினி பேரு முன்னாடியும்?"

"ஆமா."

"நீ சொன்னதாலதான் மரமாயிடிச்சி."

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ பாப்பா, அது எப்பவுமே..." என்று ஆரம்பித்தார். மாமா சட்டென்று அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். வேண்டாம் என்பதுபோலத் தலையை மட்டும் லேசாக ஆட்டினார். அப்பா அவரைப் பார்த்தார். முதல் தடவையாக, கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். டிக்கெட் இல்லாத ஓர் ஆளையும் அதுவரை சும்மா இறங்கிப்போக விடாத மனுஷன், வாயை மூடிக்கொண்டு, எழுந்துபோய் மூன்று டீ வாங்கிவந்தார்.

"ஆமா பாப்பா" என்றார் மாமா. "நான் சொன்னதாலதான். என் தப்புதான்."

நான் அவர் பக்கத்திலிருந்து எழுந்து அப்பாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா சிங்கப்பூருக்கு விமானம் ஏறும்வரை நான் அவரோடு பேசவில்லை. அங்கிருந்து அவர் அனுப்பிய கலர் பென்சில் பெட்டியின் மேல்தாளைக்கூட ரொம்ப நாள் பிரிக்கவில்லை. பயந்துபோய் இளவரசியின் வாளைக் காட்டிக்கொடுத்த ஆள் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்ட அந்தப் பார்வை மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வார்த்தைகூட ஒத்துப்போகாத இரண்டு பேர், எனக்குத் தெரியாமல் ஏதோ பேசி முடித்துவிட்டார்கள். என்னிடம் எதையோ மறைக்கிறார்கள், அது எனக்குக் கெடுதலானதாகத்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்பினேன். மாமாவை நான் சந்தேகப்பட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.