பண்டே காலனிக்கு வருவதாகச் சொன்ன பஸ்

1991 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு, ஜோசஃபின் பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து தேர்தல் பிரசார ஜீப்பில் புறப்பட்டார். அதுவரை அவருடைய பொதுவாழ்க்கை பங்குத் திருவிழாவில் மைக் பிடிப்பதோடு சரி. காணாமல்போன பிள்ளை, கழன்று விழுந்த கொலுசு, பிரியாணி தீர்ந்துபோன செய்தி எல்லாவற்றையும் ஒரே குரலில் அறிவிப்பார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கட்சிக்காரர் சந்திரன் வீடு தேடி வந்தார்.

போன இடம் கெஞ்சனபுரா மக்களவைத் தொகுதி. பெங்களூரின் தெற்கு விளிம்பில் ஆரம்பித்து, ராகி வயல், பட்டுப்புழு வளர்க்கும் ஊர்கள், கல் குவாரிகள் எல்லாம் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக் காடு வரை போகும். தேர்தலில் நின்றவர்களில் அதை முழுசாகப் பார்த்தவர் யாரும் இல்லை. ஜோசஃபின் பார்த்தார்.

சேலம் பக்கத்திலிருந்து வந்த கல்லுடைப்பவர்கள் குடியிருந்த பாறைமேடுதான் பண்டே காலனி. அங்கே தமிழில் பேசத்தான் அவரை அழைத்துப்போனது. எழுதிக் கொடுத்த தாளில் தேச ஒற்றுமை இருந்தது. அதை முடிப்பதற்குள் உத்தமன் என்ற கல்லுடைப்பவர் ஜீப்பை மறித்து, பஸ் வருமா என்று கேட்டார். மெயின் ரோட்டுக்கு நாலு மைல். போன மாதம் அவர் மனைவிக்கு வலி கண்டபோது லாரியில், கருங்கல் மேலேயே உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் பெண் பிறந்தது.

மைக் கையில் இருக்கும்போது கேட்டால் மைக்கிலேயே பதில் சொல்வது திருவிழாப் பழக்கம். "வரும்" என்றார் ஜோசஃபின். சுற்றியிருந்த குன்றுகளும் அதையே சொல்லின.

திரும்பும் வழியில் சந்திரன் விளக்கினார். நம்ம ஆள் நிற்பது டெல்லிக்கு, பஸ் மாநில சர்க்கார் சமாச்சாரம். அப்போ டெல்லிக்குப் போகிறவர் என்ன தருவார் என்று ஜோசஃபின் கேட்டார். சந்திரன் டிரைவரிடம் ஜீப்பை வேகமாக ஓட்டச் சொன்னார்.

வேட்பாளர் தோற்றார். அந்த டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தது. இனி தமிழில் மைக் வேண்டாம் என்றார்கள் கட்சிக்காரர்கள். 96இல் தேர்தல் வந்ததும் வேண்டும் என்றார்கள். ஜீப் காலனியில் நின்றதும், பள்ளிக்கூட வயது வந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உத்தமன் வந்தார்.

"ஏங்க்கா, பஸ்ஸு இப்ப எங்க வந்துக்கினு இருக்குது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வேட்பாளரின் முகம் அவர்களுக்கு மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை. ஜோசஃபினுக்குக் காது சுட்டது. அவர் பொய் சொன்னதாக லிங்கராஜபுரத்தில் பேச்சே கிடையாது. பிரியாணி தீர்ந்தது என்று அவர் சொன்னால் தீர்ந்ததுதான்.

அதன்பிறகு பஸ்ஸைச் சொல்லச் சம்மதிக்கும் கட்சிக்குத்தான் மைக் பிடித்தார். 98இல் ஒரு கட்சி, 99இல் அதன் எதிர்க்கட்சி, 2004இல் இரண்டிலிருந்தும் பிரிந்த ஏதோ ஒன்று. சின்னம் மாறியது, பஸ் மாறவில்லை. நடுநடுவே பஸ் டிப்போவுக்கும் போய்வந்தார். நீங்கள் யார் என்று அங்கே கேட்டார்கள். அந்த ஊருக்கு பஸ் வரும் என்று சொன்னவள் என்றார். அப்படிப்பட்டவருக்குப் போட அவர்களிடம் நாற்காலி இல்லை.

2008இல் எல்லைகளைத் திருத்தி வரைந்தபோது கெஞ்சனபுரா தொகுதியே இல்லாமல் போனது. சந்திரன் நல்ல செய்திபோலச் சொல்ல வந்தார்.

"தொகுதியே போயிடுச்சுக்கா. இனிமே யாரு கேக்கப்போறா? விடுங்க."

"தொகுதியா சொல்லிச்சு? நான்தானேப்பா சொன்னேன்."

மறுவாரம் ஜோசஃபின் வாடகை மைக்செட்டோடு டிப்போ வாசலில் நின்று, திருவிழாக் குரலில் அறிவித்தார். ஒரு பஸ் காணவில்லை. 1991இல் வரும் என்று சொல்லப்பட்டது. கண்டவர்கள் பண்டே காலனிக்கு அனுப்பிவைக்கவும். போலீஸ் வந்து மைக்கை அணைக்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில், உத்தமன் மகளின் செல்போனிலிருந்து ஜோசஃபினுக்கு ஒரு செய்தி வந்தது.

"அத்த, இன்னிக்கு பஸ் வந்துச்சு. நிக்கல. நாளைக்கு நிக்குமான்னு அப்பா உங்களக் கேக்கச் சொன்னாரு."