ஒட்டோ போட்ட மெட்டு

நேற்று லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழா. வாசலில் கையில் திணித்த விழா மலரில் அச்சு மை இன்னும் மணத்தது. அந்த மணம் எனக்குப் பிடிக்கும். மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டுதான் புரட்டினேன். பாடசாலைக் கீதத்தின் கீழே ‘இசை’ என்று போட்டு, சங்கத் தலைவரின் பெயர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஜனையில் அவர் கைதட்டினால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் தாளம் பிசகும், அப்படிப்பட்ட மனிதர்.

மெட்டுப் போட்டவர் ஒட்டோ. ஜெர்மன்காரர். நான் லண்டனுக்கு வந்த புதிதில் வேலை செய்த மூலைக்கடைக்கு மேலே குடியிருந்தார். பாணும், தகரத்தில் அடைத்த மீன் ரின்னும் வாங்க இறங்கி வருவார். இன்றைக்கும் மீன் ரின்னைத் திறந்தால் அவருடைய கோட்டின் சுருட்டு வாசம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

தன் நாட்டில் அவர் சினிமாவுக்கு இசையமைத்தவர். சனம் நடனக் கொட்டகையில் ஆடிய பாட்டுகளும் போட்டிருக்கிறார். பிறகு கிட்டார்க்காரப் பொடியன்கள் வந்தார்கள், படக்காரர்கள் இவரை மறந்தார்கள். ஓர் ஆங்கிலேயப் பெண்ணைக் கட்டி இங்கே வந்தார். அவளும் போய்விட, ஒரு பியானோதான் துணை. முதல் படத்தில் இவருடைய இசைக்குத் தயாரிப்பாளரின் மைத்துனன் பெயரைப் போட்டார்களாம். கூடப் போன தாய், விளக்குப் போட்ட பிறகும் மகனின் பெயர் வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லும்போது அந்த வயதிலும் அவருக்குக் கன்னம் சிவந்தது.

பாடசாலைக்குக் கீதம் வேண்டும் என்றபோது, வாய் சும்மா இராமல் நான்தான் அவரிடம் கேட்டேன். பாட்டின் பொருளை அவர் கேட்கவில்லை. திரை ஓரத்திலிருந்து மைக் வரை பிள்ளைகளுக்கு எத்தனை அடி என்று கேட்டார்! சினிமாக்காரர் அல்லவா. மண்டபத்துக்கே வந்து, ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு சின்னதுகளை மூன்று தரம் நடக்கவிட்டார். கடைசிப் பிள்ளை மைக்கை அடையும்போது முன்னிசை முடியும். கைம்மாறாக ஒன்றே ஒன்று கேட்டார்: மலரில் தன் பெயர் வர வேண்டும். நாக்குச் சுளுக்கும் குடும்பப் பெயரோடு ஒரு துண்டில் எழுதித் தந்தார். நான் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்போது செயலாளராக இருந்த இன்றைய தலைவரிடம் கொடுத்தேன்.

அந்த வருட விழாவில் கவுன்சிலருக்குப் பொன்னாடை, நகைக்கடைக்காரருக்குப் பொன்னாடை, வடை கொண்டுவந்தவருக்கும் பொன்னாடை. டை கட்டி முன்வரிசையில் இருந்த கிழவரைப் பற்றி அறிவிப்பாளர் சொன்னது இவ்வளவுதான்: “இசை, எங்கட வெள்ளைக்கார நண்பர்.” மலரில் அதுகூட இல்லை. மைக்கைப் பறித்திருக்கலாம். ஆனால் எனக்கு அறையும் வேலையும் பிடித்துத் தந்தவர் அந்தச் செயலாளர். எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன், கோழை.

வீடு திரும்பும் வழியில் ஒட்டோ மலரை நீட்டி, இதில் என் பெயர் எது என்று கேட்டார். தமிழ் எழுத்தை எங்கே கண்டார் மனிதர்? நான் நகைக்கடை விளம்பரத்தில் விரலை வைத்தேன். அடுத்த கிழமை பார்த்தால், அதை வெட்டிப் பியானோவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இதெல்லாம் நெஞ்சில் கொதிக்க, நேற்றுத் தலைவரை மறித்தேன்.

“அண்ணை, இது ஒட்டோ போட்ட மெட்டெல்லோ?”

“ஓம் தம்பி, ஆர் இல்லையெண்டது? மலரில ஒரு பேர் வேணுமெண்டு பொடியள் என்ர பேரைப் போட்டிட்டாங்கள்.” வெட்கமே இல்லாமல் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். “அவற்ற முழுப்பேரைச் சொல்லும். அடுத்த முறை போடுவம்.”

“ஒட்டோ” என்றேன்.

“ஒட்டோ எண்டால்? ஒட்டோ என்ன?”

அவர் பேனையோடு காத்துக்கொண்டு நின்றார். ஒட்டோ செத்துக் கனகாலம். பியானோவைக் கவுன்சில்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது புதுக் கட்டிடம். அந்தப் பெயரைக் கேட்டறிய இந்த ஊரில் எனக்கு ஒருவருமில்லை.