கல் காயட்டும்

மார்ச் மாத மதியம். இத்தாலியில், பலெர்மோவின் வுச்சீரியா சந்தையில் பாதத்தைத் தூக்காமல், குறுகக் குறுக அடிவைத்து நடக்கிறேன். மீன் தட்டுகளிலிருந்து வழியும் நீரில் தரைக்கல் பளபளக்கிறது. நான் வாழும் வட நோர்வேயில் இந்த மாதம் இப்படிப் பளபளப்பது பனிக்கட்டி. பகலில் உருகி இரவில் இறுகிவிடும். நாடு மாறியது என் கால்களுக்கு இன்னும் தெரியவில்லை.

"இது வெறும் தண்ணி, மச்சான். வடிவா நடவுங்கோ," என்கிறாள் பிலோமினா. என் மாமன் மகள், மன்னார்க்காரி. இங்கே ஒரு சிஞ்ஞோராவின், ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. வியாழக்கிழமை அரைநாள் லீவு. அந்த அரைநாளை நம்பித்தான் வந்திருக்கிறேன்.

"இன்னும் ஆறு கிழமையிலை எங்கடை ரோட்டு காய்ஞ்சிடும். அதுதான் அங்கை வசந்தம்," என்று தொடங்கி, ஒருவழியாகக் கேட்டுவிடுகிறேன். "என்னைக் கட்டிக்கொண்டு அங்கை வாறீரோ?"

அவள் குனிந்து தரையைப் பார்க்கிறாள். "ஓம். இந்தக் கல்லுக் காயட்டும், வாறன்."

நான் வெயிலை அண்ணாந்து பார்க்கிறேன். பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். அவளோ மீன்காரரிடம் இத்தாலியனில் ஏதோ சொல்கிறாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, இன்னொரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றுகிறார்.

"நடவாத காரியத்துக்கு இஞ்சை ஆக்கள் சொல்லுறது, மச்சான். வுச்சீரியாக் கல்லுக் காயேக்கை எண்டு."

நான் கைக்குட்டையை எடுத்து, குந்தியிருந்து ஒரு கல்லைத் துடைக்கிறேன்.

பிலோமினா சிரிக்கவில்லை.

"மற்றக் கல்லையும் துடையுங்கோ," என்கிறாள்.