மிட்டாய் உரிக்கும் விரல்கள்

கழுகுமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் பால்வாடி டீச்சராக இருந்தபோது, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலையாள் பிடிக்கும் ஏஜெண்ட் ஒருவர் அடிக்கடி வருவார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, பை நிறைய மிட்டாய். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார். ஒன்றைக்கூட உரித்துக் கொடுக்கமாட்டார். அவர்களாகவே காகிதத்தைப் பிரிக்கும்வரை குனிந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அவரே வாய் திறந்தார்.

"டீச்சர், ஒங்ககிட்ட வளந்த பிள்ளைகன்னா தனி. சொன்ன இடத்துல உக்காருது, அழ மாட்டேங்குது, எண்ணத் தெரியுது. குச்சி அடுக்க ஒரே நாள்ல பழகிருதுக. வீட்டுல கெடந்த பிள்ளைகளோட மாரடிக்க முடியல."

"அண்ணாச்சி, நான் பள்ளிக்கூடத்துக்குல்லா தயார் பண்ணுதேன்?"

"பண்ணுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா பள்ளிக்கூடம் வண்டி அனுப்புதா? எங்க வண்டி விடியமுன்ன வாசலுக்கே வருதுல்லா."

மிச்ச மிட்டாயை என் மேசையில் வைத்துவிட்டு, கும்பிட்டுப் போனார்.

ஒன்றாம் வகுப்பு வாத்தியார் ஒருநாளும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. பால்வாடியின் அருமையை அறிந்து என்னைப் பாராட்டியவர், இத்தனை வருட சர்வீஸில் அந்த ஏஜெண்ட் ஒருவர்தான்.