திட்டச் சொல்லி வந்த வாத்தியார்

மூணாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, திண்டிவனத்தில் சொந்தமாக ரைஸ் மில் வைத்தவன் நான். என் குரலைக் கேட்டால் லாரி டிரைவர்களே ஓரம் கட்டுவார்கள். எண்பதுகளில் அந்தக் குரலுக்காகவே விழுப்புரத்திலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் என்னைத் தேடி வந்தார். ஒல்லி ஆள், முழங்கால் வரை மடித்த பேண்ட். எதைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் குடிப்பார். என் வீட்டுக் காபியையும் விடவில்லை.

"கம்பெனிங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆலோசனை சொல்ற வேலைக்குப் பசங்களைத் தயார் பண்றேங்க. தண்ணிய சோதிக்கக் கத்துக்கினாங்க. மொதலாளி மூஞ்சிக்கு நேரா கெட்ட சேதி சொல்லத்தான் வரல. உங்க மில்லையே சோதிச்சிட்டு வருவாங்க, நீங்க திட்டணும். தாங்கினாதான் பாஸ்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுவாரம் வாத்தியாரோடு ஒரு பொண்ணு வந்து நின்றது. "சார், நெல்லு ஊறவச்ச தண்ணிய ஏரியில விடுறீங்க. மீனு செத்துக்கினு இருக்குது. நிறுத்தணும்."

நடிக்க வேண்டியது மறந்தே போச்சு. "இந்த மில்லு என் வேர்வைம்மா. நிறுத்தச் சொல்ல நீ யாரு?" என்று கத்தினேன். பொண்ணு அவசரமாக நோட்டைத் திறந்தது. "சரிங்க சார், கொஞ்சமா விடலாம்னு எழுதிடறேன்" என்றது.

வாத்தியார் தலையை ஆட்டினார். "பெயிலு. ஐயா, இன்னொரு தடவ திட்டுங்க."

இன்னும் பலமாகத் திட்டினேன். பொண்ணு அழுதுக்கினே சொன்னது: "எவ்ளோ வேணா திட்டுங்க சார். கொஞ்சம்கூட விடக்கூடாது."

"நீங்களே சொல்லுங்க, பாஸா பெயிலா?" என்றார் வாத்தியார்.

"பாஸ் போடுங்க. எனக்கு இன்னும் கோவம் அடங்கல."

மறுமாதம் மில்லுக்குப் பின்னால் தொட்டி கட்டி, அந்தத் தண்ணியை அதில் விட்டேன். ஜில்லாவிலேயே முதல் தொட்டி என்னுடையதுதான். யாரும் சொல்லிக் கட்டவில்லை, நானாக யோசித்துக் கட்டினேன். அதைப் பார்க்க அந்த வாத்தியார் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. ஏன் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.