மாற்றுக் கொள்கைக்காரி

நட்சத்திர ஆராய்ச்சிக்குப் பொறுமையும் கணிதமும் வேண்டும் என்று புத்தகங்களில் போட்டிருப்பார்கள். யுத்த காலத்து மட்டக்களப்பில் அந்தத் தொழிலைத் தொடங்கிய எனக்கு முதலில் தேவைப்பட்டது அடையாள அட்டையும், வாயை எப்போது மூட வேண்டும் என்ற அறிவும்தான்.

நீங்களும் உங்கள் உங்கள் தொழிலில் இப்படி மாட்டியிருப்பீர்கள். உரக்கடைக்காரருக்குக் குண்டுக்கு உதவுகிற யூரியாவால் வினை வந்தது. ரேடியோ திருத்துகிறவருக்கு வயரால் வந்தது. எனக்குச் சொற்களால் வந்தது. எரிந்து முடிந்த ஒரு பெரிய நட்சத்திரம் தன் பாரத்தைத் தாங்க முடியாமல் சுருங்கும். சூரியனை விடக் கூடுதலான திணிவு, கல்லடியில் தொடங்கி எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் முடிகிற அளவான ஓர் உருண்டைக்குள் அடங்கிவிடும். அந்த நெருக்கத்துக்குள் நமக்குத் தெரிந்த ஈர்ப்புக் கொள்கை அப்படியே செல்லுமா, இல்லை வேறொரு கொள்கை வேண்டுமா என்று கணக்குப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அதோடு ஒரு தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை. காலையில் செட்டிபாளையத்தில் பஸ் ஏறி, பட்டணம் போய்ப் படிப்பித்து, பின்னேரம் திரும்ப வேண்டும். திரும்பி வருவதுதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

பொழுதுபட முதல்

அண்ணன் ஒரு காலையில் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குச் சைக்கிளில் போனவர், வரவில்லை. அப்பா ஆமி முகாம் வாசலிலும் போய் நின்றார், வாவிக்கு அந்தப் பக்கம் போய் இயக்கத்துப் பெடியளிடமும் கேட்டார். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: எங்களிடம் இல்லை. சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். அதற்குப் பிறகு என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என்ன வேண்டுமானாலும் படி, பொழுதுபட முதல் வீட்டுக்குள் இரு. நானும் பயந்தவள்தான், அவர் கேட்காவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆகையால் நட்சத்திர ஆராய்ச்சிக்காரியான நான் நட்சத்திரம் பார்த்தது குறைவு. ஒருநாள் மைமல் நேரம், இருட்டுக் கட்டும்போது, கிணற்றடியில் நின்று வானத்திலேயே பிரகாசமான அந்த நட்சத்திரத்தைத் தேடினேன். அதற்குப் பக்கத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாமல், செத்துச் சுருங்கிய ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அது இருக்கிற திசையையாவது பார்க்கலாமே என்ற ஆசை. வாவிப் பக்கம் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. முற்றத்தில் அண்ணாந்து நிற்கிற ஓர் உருவம் மேலே இருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. நான் திரும்புவதற்குள் அப்பா வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவைச் சாத்தி, கொண்டி போட்டு, மூச்சு வாங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "நட்சத்திரம் நாளைக்கும் வரும் புள்ள. நீ உள்ள இரிகா."

கரும்பலகையில் ஒரு சொல்

தமிழில் பௌதிகம் படித்த எவருக்கும் இயக்கம் என்றால் ஒரு பொருள் ஓரிடம் விட்டு ஓரிடம் போவது. மட்டக்களப்பில் அந்தக் காலத்தில் இருந்த எவருக்கும் இயக்கம் என்றால் துவக்கோடு காட்டுக்குள் இருப்பவர்கள். இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் படிப்பித்தோம். ஒருநாள் முதலாம் வருடத்துக்குப் பாடம் நடக்கும்போது சுற்றிவளைப்பு என்றார்கள். ஆமிக்காரர் வகுப்புக்குள் வந்தார்கள். கரும்பலகையில் நான் கொட்டை எழுத்தில் போட்டிருந்த தலைப்பு: இயக்கத்தின் மூன்று விதிகள்.

தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு கோப்ரல் பலகைக்குக் கிட்டப் போய் "இ... ய..." என்று வாசிக்கத் தொடங்கினார். கடைசி எழுத்தை வாசித்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, பின்வரிசை வாங்கில் இருந்த பெடியன்களைப் பார்த்தார். எல்லாரையும் எழுப்பி வரிசையாக விட்டார்கள். சிங்களம் தெரிந்த எங்கள் துறைத்தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். சோக்கட்டியை மேலே எறிந்தார், விழ விட்டார், பொறுக்கி மறுபடி எறிந்தார், இதுதான் ஐயா அந்தச் சொல், இதுதான் அந்தச் சொல் என்று சிங்களத்தில் மன்றாடினார். அவர் கோட்டெல்லாம் சோக்குத்தூள். கடைசியில் கோப்ரல் சிரித்துவிட்டுப் போனார், பெடியன்கள் தப்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் துறையில் எதுவும் இயங்கவில்லை, எல்லாம் 'அசைந்தது'. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்த பின்வாங்கு மாணவன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "மிஸ், இயக்கம் எண்டு எழுதினா ஆமி பிடிக்கும். அசைவு எண்டு எழுதினா சோதனையில புள்ளி வெட்டுவாங்க. நாங்க எதுக்குப் பயப்புடுற?"

இரண்டு பற்றரி

சனிக்கிழமைகளில் படுவான்கரைப் பள்ளிக்கூடமொன்றில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவேன். படுவான்கரை என்றால் வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற கரை, அங்கே இயக்கம். எழுவான்கரையில், எங்கள் பக்கம், ஆமி. இடையில் தோணி. அந்தப் பக்கம் பற்றரி கொண்டு போகக் கூடாது, குண்டுக்கு உதவுமாம். தோணித்துறையில் நின்ற ஆமிக்காரர் என் கல்குலேட்டரைத் திறந்து இரண்டு சின்னப் பற்றரியையும் கழற்றி எடுத்துக்கொண்டார். நான் வெறும் கல்குலேட்டரோடு தோணியில் ஏறினேன். தோணி நடு வாவிக்கு வந்த பிறகுதான் தோணிக்காரர் கந்தையா அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவலப்படாதங்க மிஸ். ஆள் கரை போய்ச் சேந்தாக் காணும், கணக்கு மறுகா வரும்."

மாற்றுக் கொள்கை

அப்படி ஒரு சனிக்கிழமை, பாடம் முடித்துத் தோணித்துறைக்குத் திரும்பும் வழியில் பெடியளின் காவல் சென்றி. புதிதாக வந்த ஒருவன் நின்றான், என்னை விட இளையவன். "அக்கா என்ன ஆராய்ச்சி செய்யிற?" மரியாதையாகத்தான் கேட்டான். இங்கிலீசு கலக்காமல் பேசினால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று எண்ணி, நல்ல தமிழில், கொஞ்சம் பெருமையோடும் சொன்னேன்: "ஈர்ப்புக்கு மாற்றுக் கொள்கைகள்."

'மாற்று' வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே அது கேட்டது. மாற்று இயக்கம், மாற்றுக் கருத்து என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பாத காலம். அவன் தோளில் கிடந்த துவக்கைக் கைக்கு எடுத்தான். "ஈர்ப்பு எண்டா ஆக்களச் சேக்கிறதா? ஆரு உங்கள அனுப்பின?" என்றான். இல்லை தம்பி, மாங்காய் விழுகிறதே, அந்த ஈர்ப்பு என்றேன். மாங்காய்க்கு என்ன கொள்கை என்று கேட்டு என்னை அந்தப் பகுதிப் பொறுப்பாளரின் முகாமுக்குக் கூட்டிப் போனான்.

பொறுப்பாளர் வெளியே போயிருந்தார். ஒரு மரத்தின் கீழ் வாங்கில் இருத்தினார்கள். தேத்தண்ணி தந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டே போனது. கடைசித் தோணியை விட்டால் அந்த இரவு நான் அங்கேதான். அக்கரையில் அப்பா துறைக்கு வந்து நிற்பார், தோணியில் ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். ஏற்கெனவே ஒரு பிள்ளையைத் தேடித் தேய்ந்த மனிதர் இன்னொரு முறை அந்த இரண்டு வாசலுக்கும் நடக்க வேண்டி வரும்.

ஒருவழியாகப் பொறுப்பாளர் வந்தார். முழுவதையும் கேட்டார், நட்சத்திரம் சுருங்குவது வரை. "இப்ப இரிக்கிற கொள்கையில என்ன பிழ?" என்றார். பிழை ஒன்றும் இல்லை, எல்லா இடத்திலும் சரிவருமா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான் என்றேன். அந்தப் பதில் அவருக்கு ருசிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு தோணியை மறிக்கச் சொல்லி ஒருவனை அனுப்பிவிட்டு, என்னை எழும்பச் சொன்னார், புத்தியும் சொன்னார்: "கனக்கக் கொள்கை வந்தாச் சனம் குழம்பும் தங்கச்சி. ஒண்டப் பிடிச்சுப் படிங்க."

சாத்திரக்காரி

அதற்குப் பிறகு நான் உஷாராகிவிட்டேன். இயக்கமும் வேண்டாம், மாற்றும் வேண்டாம், யார் கேட்டாலும் நட்சத்திரம் என்று மட்டும் சொல்வது என்று தீர்மானம். அந்தத் தீர்மானத்தோடு ஒரு பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். காலையில் எங்கேயோ வெடிச் சத்தம் கேட்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு இளைஞர்களை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக இருத்திவிட்டார்கள். அடுத்தது நான்.

ஆமிக்காரன் என் பையைத் திறந்து ஒரு தாளை உருவினான். அதில் ஒரு வட்டம். நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு கோடு, கோட்டின் மேல் பத்துக் கிலோமீற்றர். சுற்றிவர எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்நோக்கி அம்புக்குறிகள். ஈர்ப்பு நட்சத்திரத்தை உள்ளே அமுக்குகிறது என்பதற்காக நான் போட்டவை. அவன் தாளைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இது எந்த முகாம் என்று சிங்களத்தில் கேட்டான். அந்த ஒரு கேள்வி மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. பதில் சொல்லத்தான் சிங்களம் இல்லை.

எனக்குப் பின்னால் காத்தான்குடியில் உடுக்கிற சாரம் விற்கும் வியாபாரி ஒருவர் நின்றார். அதே பஸ்ஸில் அடிக்கடி வருகிறவர், ஹாஜியார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருக்கும் உதடு காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் தலையை நீட்டி, "மகள், இது என்ன படம்?" என்றார். "நட்சத்திரம்" என்றேன். அவர் ஆமிக்காரன் பக்கம் திரும்பிச் சொன்ன சிங்களத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் 'நெக்கத'. வானத்து நட்சத்திரத்துக்குச் சிங்களத்தில் வேறு சொல். நெக்கத என்பது நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கிற, சாதகத்து நட்சத்திரம். ஒரே சொல்லில் ஹாஜியார் என்னைச் சாத்திரக்காரி ஆக்கிவிட்டார்.

ஆமிக்காரனின் முகம் மாறியது. தாளை மறுபடி பார்த்தான், இந்த முறை பயபக்தியோடு. பக்கத்தில் நின்றவனை அப்பால் போகச் சொன்னான். குரலைத் தாழ்த்தி ஹாஜியாரிடம் ஏதோ கேட்டான். "அடுத்த மாசம் லீவாம். உம்மா பாத்துக்கு இரிக்காவாம். வீட்ட போய்ச் சேருவானா எண்டு பாத்துச் சொல்லட்டாம்" என்றார் ஹாஜியார், அம்மாவைத் தன் வழக்கில் உம்மா ஆக்கி. கிட்டத்தில் பார்த்தால் மீசை கூடச் சரியாக அரும்பாத முகம். எனக்கு இருந்த அதே பயம் அவனுக்கும் இருந்தது, துவக்கு மட்டும்தான் கூட. நான் தாளைப் பார்த்தேன். அதில் இருந்த கணக்கெல்லாம் அகப்பட்டது எதுவும் லேசில் தப்ப முடியாது என்று சொல்கிற கணக்கு. "போவார் எண்டு சொல்லுங்க" என்றேன். பரிகாரம் ஏதும் உண்டா என்று கேட்டான். இந்தப் பாலத்தில் நிற்காமல் விட்டால் போதும் என்றேன். ஹாஜியார் அதை விழுங்கிவிட்டு, விளக்கு ஏற்றுகிற மாதிரிக் கையைக் காட்டி மாற்றிச் சொன்னார். ஆமிக்காரன் தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான், எங்களை ஏறச் சொன்னான். இருத்தி வைத்த இருவரையும் அவனே கையைக் காட்டி பஸ்ஸுக்கு அனுப்பினான்.

காத்தான்குடியில் ஹாஜியார் இறங்கிப் போன பிறகுதான் புதுப் பயம் பிடித்தது. பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் என் பெயரை எழுதுகிறவள் நான். அவனுக்கு ஏதும் நடந்தால், சட்டைப்பையில் சுற்றிவர அம்பு போட்ட ஒரு வட்டமும் என் பெயரும் இருக்கும். அடுத்த கிழமை பாலத்தில் வேறு ஆள் நின்றான். லீவில் போனானா, வேறெங்கும் மாற்றினார்களா, மூன்றாவது விதமாக ஏதுமா என்று யாரிடம் கேட்பது? ஒவ்வொரு பின்னேரமும் அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பாலம் கடந்தேன். தாங்க முடியாமல் ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். என் தலை தப்ப வேண்டுமே என்றுதான் சொன்னேன். அவர் என் பெயர், தாள், வட்டம் எதையும் பற்றிக் கேட்கவில்லை. அண்ணன் சைக்கிளில் போன ஒழுங்கைப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அந்தப் பெடியன்ட அம்மாவும் அம்மாதானகா. அவன் வீட்ட போய்ச் சேரட்டும்."

இத்தனை வருட ஆராய்ச்சியில் நான் துணிந்து சொன்ன எதிர்வுகூறல் 'போவார்' என்ற அது ஒன்றுதான், அதுவும் இன்றுவரை சரிபார்க்கப்படாமலே கிடக்கிறது.