மாமிக்கு வாங்கிய குடை

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் இருந்த என் கணவரை அவருடைய கம்பெனி டோக்கியோவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. நானும் ஒட்டிக்கொண்டேன். பயிற்சி முடிய யாழ்ப்பாணம் போய், வருத்தம் வந்து படுக்கையில் கிடந்த மாமியை, அவருடைய தாயை, பார்ப்பதாக ஏற்பாடு. கலியாணம் முடித்துக் கப்பலேறிய பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. ஜப்பானில் நாரா என்ற ஊரில் மான்கள் தெருவில் திரியுமாம் என்று நான் எழுதியதற்கு, "அதையும் பாத்திட்டு ஆறுதலா வாங்கோ" என்று மாமியே பதில் போட்டிருந்தார்.

நாராவுக்குப் புறப்பட்ட காலை, விடுதிக்கு ஒரு போன் வந்தது. சிட்னியில் எங்கள் லிட்கம் பகுதியில் இருக்கும் நண்பர், எங்கள் வீட்டுச் சாவியைப் பற்றிக் கேட்டாராம். பேசிவிட்டு வந்த என் மனிதர் மறுபடியும் தலைக்குக் குளித்தார்.

"விடியக் குளிச்சது காணாதோ? ஜப்பான் தண்ணி அவ்வளவு பிடிச்சுப் போச்சோ?" என்று பகிடி விட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு சட்டையைத் தேடினார்.

ரயிலிலும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். நாராவில் இறங்கினால் திருவிழாக் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள், கமரா தூக்கிய வெள்ளைக்காரர், நடுத்தெருவில் மான்கள். ஒரு மான் என் சேலைத் தலைப்பைக் கவ்வ, நான் கத்திவிட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி உம்மென்று திரிவதற்கு லிட்கமிலேயே இருந்திருக்கலாமே!

தூறல் தொடங்கியது. கையில் மாமிக்காக டோக்கியோவில் வாங்கிய குடை. சுற்றிய தாளைப் பிரிக்க மனமில்லாமல், நனைந்தபடியே பெரிய புத்தர் கோயிலுக்கு நடந்தேன். எந்தச் சாமியானால் என்ன, மாமிக்குச் சுகம் கேட்க வேண்டும். சிட்னியில் கோயில் இல்லாமல் காய்ந்து கிடந்தவர்கள் நாங்கள். டோக்கியோவில் கண்ட ஒரு கோயிலையும் அவர் விடவில்லை. இங்கே படியடியில் நின்றுவிட்டார்.

"வாங்கோவன்."

"நான் வரேல்லை."

"அப்ப நான் போய்க் கும்பிட்டிட்டு வாறன்."

படியில் கால் வைக்க, கையைப் பிடித்தார். "நீரும் போகக்கூடாது."

காலையில் அவர் குளித்தது நினைவுக்கு வந்தது. சாவுத் துடக்கு உள்ளவர்கள் கோயிலுக்குள் போவதில்லை. இரண்டு பேருக்கும் துடக்கென்றால், அது அவருடைய வீட்டுச் சாவு.

"மாமியோ?"

"ஓம். காலமை வந்த போன் அதுதான். இண்டைக்கு எடுக்கினமாம். போய்ச் சேரேலாது."

"ஐயோ, ஏனப்பா இவ்வளவு நேரமாச் சொல்லேல்லை?"

"நீர் ஆசைப்பட்டனீர். மானைப் பாத்த பிறகு சொல்லுவம் எண்டு..."

ஒரே பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவர், மான்களுக்கு நடுவே என்னோடு நின்றார். மழை வலுத்தது.

"குடையை விரியும், நனையிறீர்" என்றார்.

"இது மாமிக்கெல்லோ" என்றேன், என்னையறியாமல்.

அதுவரை அடக்கி வைத்திருந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் குழறி அழுதார். நான் தாளைக் கிழித்துக் குடையை விரித்து, அவர் முகம் ஒருவருக்கும் தெரியாதபடி பிடித்துக்கொண்டு நின்றேன்.